சாரதாமணி அம்மாவுக்கு ஒரு சான்று

மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சான்று சார்'. காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டாலும் ஆதாரம் எங்கே என்பேன். வீட்டில் ரோஸ்மேரி குழம்பில் உப்பு போட்டாயிற்று என்றால்கூட நம்புவதில்லை. திருமணம் இத்தனை வருடம் நிலைத்தது அவளுடைய பெருந்தன்மை, ஐயா.

நல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நம் பக்கத்துப் பேராசிரியர்களைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுத மாணவர்களுக்கு உதவுவது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. எழுதிவிடலாம். நிற்க வைப்பதுதான் பாடு. முகம் தெரியாத ஒருவர் வந்து, 'குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் சான்று இல்லை' என்று அழித்துவிட்டுப் போவார். நடிகர் வளர்க்கும் நாய்க்கு அங்கே தனிப் பக்கம் இருக்கிறது.

என் மாணவி தேஜஸ்ரீயின் அம்மா பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவர். அந்தப் பெண்களின் முதுகுவலியையும் மூச்சிரைப்பையும் ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் பேராசிரியர் சாரதாமணி. ஓய்வுபெற்றுக் கணியூர்த் தோட்டத்தில் தனியாக இருந்தார். தேஜஸ்ரீ அவரைப் பற்றி எழுதினாள், அழித்தார்கள். திருத்தி எழுதினாள், மறுபடி அழித்தார்கள். இன்னொரு தடவை வந்தால் தலைப்பையே பூட்டிவிடுவோம் என்றார்கள்.

"எங்கம்மா மாதிரி ஆளுங்களையும் மனுசியா நெனச்சு எழுதுனவங்க அவங்கதானுங்க சார். பேப்பர்ல ஒரு செய்தி வந்திருந்தாப் போதுமாமுங்க" என்று அழுதாள்.

உயிரோடிருக்கும் பேராசிரியரைப் பற்றி எந்தப் பேப்பர் எழுதும்? செத்தால் எழுதும். அவர் காலமானதாக ஒரு நாளிதழுக்கு அஞ்சலி எழுதி அனுப்பினேன். படத்தோடு போட்டார்கள். நான் எழுதி அச்சான முதல் எழுத்து அது. தேஜஸ்ரீயும் நம்பி அழுதாள். பிறகு அதையே சான்றாகச் சேர்த்தாள். கட்டுரை நின்றது.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கக் கணியூர் போனேன்.

"வாங்க சார். எழவுக்கு வந்தவங்க மாலையெல்லாம் எருமைக்குப் போட்டுட்டேனுங்க. உங்களுக்குக் காப்பிதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. "படிக்கிற புள்ளைக்காகப் பண்ணீட்டீங்க, உடுங்க. மறுப்பு எழுதி நாளைக்குப் பேப்பருக்குக் குடுத்துர்றேன். அந்தப் புள்ளைய இங்க கூட்டிட்டு வாங்க, நானே பேசறேன்."

மறுப்பு வந்தால் சான்று போயிற்று; கட்டுரையும் போயிற்று; தலைப்புக்குப் பூட்டு. கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஏனுங்க, உசுரோட இருக்கறதுக்கும் பொறுத்திருக்கோணுமுங்களா?" என்று சிரித்தார்.

நியாயமான கேள்வி. மோட்டாரை நிறுத்தக் கிணற்றடிக்குப் போனார், கூடவே போனேன். சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு கையே போதுமாக இருந்தது. உள்ளேயிருந்து என்னை 'சார், சார்' என்று கூப்பிட்டார். அப்போதும் மரியாதை குறையவில்லை. சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டு, நானே மோட்டாரை நிறுத்தினேன்.

கட்டுரையை அழித்துவிடும்படி இப்போது தேஜஸ்ரீயே எழுதிக் கேட்டிருக்கிறாளாம். உங்கள் ஏட்டய்யா சொன்னார். பாவம், பயந்திருப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா: எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது, இனி யாராலும் அழிக்க முடியாது.