பதினொரு பரிசோதனைகள்

ஊசி போடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, ஐயா. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் எத்தனை பேர் இருந்தாலும் அடம்பிடிக்கிற குழந்தைகளை என்னிடம்தான் அனுப்புவார்கள். அதனால்தான் என் கணவருக்கு அந்தப் பரிசோதனையை நானே செய்கிறேன் என்றபோது டாக்டர் மறுக்கவில்லை.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மூட்டுவாதம் வந்து மூன்று வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டார். மூட்டு சரியாகிவிட்டது. ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்த முடியாது. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்துவிடும். அது விழித்துவிட்டதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. முதலில் ரத்தம் எடுப்போம். பிறகு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் கட்டளையைப் போலவே ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, அரை மணி நேரம் கழித்து ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்போம். அந்தச் சுரப்பி சுரக்கும் கார்டிசாலின் அளவு ஏறினால் சுரப்பி நலம். மாத்திரையை நிறுத்திவிடலாம்.

அந்த மூன்று வருடமும் அவரைக் குளிப்பாட்டியது நான். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

முதல் ரத்தம் எடுத்து முடித்தேன். மருந்துக் குப்பியை உடைத்துக்கொண்டிருந்தபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"இது நல்லபடியா வந்துட்டா நான் அக்கா வீட்டு மாடிக்குப் போயிடலாம்னு இருக்கேன். அவகிட்ட பேசிட்டேன். கோவிச்சுக்காத. உன்னைப் பாத்தாலே மாத்திரை ஞாபகம்தான் வருது."

"சரி, கையை நீட்டுங்க," என்றேன்.

ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்பார்கள். என்னைக் கழுத்தறுத்தது போலத்தான் இருந்தது. எனக்குத் தெரியாமல் அக்காவிடம் பேசி முடித்துவிட்டார், பாருங்கள். மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஊசியில் வெறும் உப்புநீரை ஏற்றிப் போட்டேன். அளவு ஏறவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கி, மாத்திரையைத் தொடரச் சொன்னார். என் கணவர் அன்று வீடு வந்து என் மடியில் தலை வைத்து அழுதார். கல்யாணமாகி அதுவரை அப்படி அழுததில்லை. எனக்கும் மனசு இளகிவிட்டது, மறைக்கவில்லை.

அன்று அந்தச் சுரப்பி விழித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. பதினொரு முறை உப்புநீர். மாத்திரை தன் வேலையைச் செய்தது. சர்க்கரை வந்தது. கண்ணில் புரை விழுந்தது. எலும்பு அரித்து, தும்மியதில் விலா ஒன்று விட்டுப்போனது. வேலைக்குப் போவதும் நின்றது. ஒவ்வொன்றுக்கும் ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்டேன். அக்கா வீட்டு மாடிப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. "நீ இல்லன்னா நான் எங்க போவேன்," என்பார். அந்த ஐந்தரை வருடம் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டாவது சோதனையன்று எனக்குக் காய்ச்சல். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் செய்தாள். அளவு ஜம்மென்று ஏறியது. டாக்டர் பழைய முடிவுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கேட்டதும் ஒப்புக்கொண்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பக்கத்தில் பரிசோதனைக் கட்டிலில் இருந்த என் கணவர், "எத்தனை தடவை?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளே உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார். இரண்டாம் முறையும் எனக்கு அதே துரோகம்தான், ஐயா.

போன மாதம் கட்டில் சட்டத்தில் கை தட்டியதில் அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. பேனா பிடிக்க முடியாமல் புகாரில் கைரேகை வைத்ததாகச் சொன்னார்கள். கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் கையைப் பிடித்துக்கொண்டு, அழகாகக் கையெழுத்தே போட வைத்திருப்பேன்.