தலை கிடைத்த இடம்

— கக்கூஸ் குழிய மூடிட்டு வான்னுதானே அனுப்புனேன்? பாதியில திரும்பி வந்து நிக்கிறியே ஆர்வே!

— நீயே போய் மூடு, தாயே. நம்ம கூட்டம் மொத்தமும் ரெண்டு வாரமா போனது அப்படியே கிடக்கு. இந்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவோட உறைஞ்ச மண்ணு எதையும் மக்க விடாதே. என்னிக்கு மான்கறி ஆக்குனேன், என்னிக்கு காட் மீனுன்னு பார்த்தே சொல்லிரலாம்.

— சீ! கையில ரொட்டி வச்சிருக்கேன்யா.

— சொன்னா கோவப்படாத, அது மேல இருக்கற பழுப்புச் சீஸும் பார்க்க அந்த மாதிரிதான் இருக்கு.

— கருமம், கருமம்! இந்தா, நீயே தின்னு. எனக்கு இனிமே இறங்காது.

— குடு. முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துல இருட்டுல உக்காந்து தின்னவன் நான். ஆனா குழிய மூட மாட்டேன். சமையலுக்கும் பனிக்கரடிக் காவலுக்கும்னுதான் என்னைக் கூட்டிட்டு வந்த. ஒவ்வொருத்தர் போறப்பவும் துப்பாக்கியோட முதுகக் காட்டிட்டு நின்னேன். சத்தத்த வச்சே யாருன்னு சொல்ற அளவுக்கு ஆயிருச்சு. இதுக்கு மேல எனக்கு ஒரு தண்டனை வேணுமா?

— மத்தவங்க படகுல போயாச்சு. மிச்சம் நீயும் நானும்தான். ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள இடம் சுத்தமா இருக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது.

— அடுத்த வருஷமா? ஆஸ்லோல இருக்கற உன் புரொபசர் ஃபால்க் மனசு இறங்கிட்டாரா?

— எங்க இறங்குறது! நேத்து போன்ல என்ன சொன்னார் தெரியுமா? ‘ஏழு வருஷமா தோண்டி ஒரு முண்டத்தத்தான் எடுத்திருக்க ஹெர்டிஸ். டைனோசர் காலத்துக் கடல் மீன்பல்லியாவே இருந்தாலும், தலை இல்லாம அதப் புது இனம்னு எவனும் ஒத்துக்க மாட்டான். வெறுங்கையோட வந்தா, தோண்டற இடத்த என் மாணவன்கிட்ட விட்டுட்டு ஒதுங்கிக்கோ’ன்னார்.

— தலை கிடைச்சா?

— கிடைச்சா அதுக்கு அவர் பேரை வைக்கணுமாம். முகாமுக்கு அனுமதி வாங்கித் தர்றாராம், அதுக்காக! ஒரு ராத்திரி இந்தக் கூடாரத்துல குளிர்ல படுத்திருப்பாரா? ஒரு கல்லப் புரட்டியிருப்பாரா? நினைச்சாலே குமட்டுது எனக்கு.

— இவரு அந்தக் குழிய விட நாறுறாரே.

— அதான் சொல்றேன். போ, போய் மூடு.

— சொன்னா கோவப்படாத. கக்கூஸ் காகிதம் பூராவையும் நீ எலும்புக்குச் சுத்திட்ட. மனுஷங்களுக்கு ஒரு துண்டு விட்டு வைக்கல.

— எலும்பு உடையாம இருக்கப் பூசற பிளாஸ்டர் அது மேலயே ஒட்டிக்காம இருக்க, நடுவுல ஈரக் காகிதம் வைக்கணும்யா. வேற என்னத்த வைக்கச் சொல்ற?

— மண்ணுக்கு அடியில பதினஞ்சு கோடி வருஷமா சும்மா கிடந்த எலும்பு. அதுக்கு என்ன அவசரம்? எனக்கு இன்னிக்குக் காலைல இருந்த அவசரம் உனக்குத் தெரியுமா?

— அப்ப நீ எதால…

— கேக்காத.

— ஆர்வே, எதால?

— உன் கம்பளிக் கையுறை.

— அடப்பாவி!

— ஒத்தைதான். இன்னொண்ணு பத்திரமா இருக்கு.

— தூ! உன்னையெல்லாம் கரடிக்குத்தான் போடணும். என் கண்ணு முன்னால நிக்காத. போ!

— போறேன், போறேன். ஆனா நாத்தத்துக்காக மட்டும் நான் திரும்பி வரல. மண்ணத் தள்ளறப்ப குழியோட ஓரம் பொலபொலன்னு சரிஞ்சிருச்சு. உள்ள எவனோ தட்டை உடைச்சுப் போட்டிருக்கான். குப்பை கிடந்தா நீ குதிப்பியேன்னுதான் சொல்ல வந்தேன்.

— நம்மகிட்ட இருக்கறது எல்லாம் தகரத் தட்டு. தகரம் எப்படி உடையும்?

— எனக்கென்ன தெரியும்? கறுப்புக் கறுப்பா துண்டு, வட்டமா அடுக்குன மாதிரி. குழம்புச் சட்டி மூடி அளவு இருக்கும். நடுவுல ஓட்டை.

— வட்டமாவா? துண்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியா இருக்கு?

— ஏன் இப்படி முழிக்கிற?

— மீன்பல்லிக்குக் கண்ணச் சுத்தி அப்படித்தான் எலும்புத் தகடு இருக்கும்.

— ஏம்மா, அந்தச் சரிவுல ஒண்ணும் இருக்காது, சரிஞ்ச மண்ணுதான், கக்கூஸ அங்கயே தோண்டுன்னு விரல நீட்டிக் காட்டுனதே நீதானே?

— நான்தான். மேல நாம முண்டத்த எடுத்த இடத்துலருந்து மண்ணு சரிஞ்சப்ப தலையும் கூடவே வந்திருக்கும்னு என் புத்திக்கு எட்டல பாரு. நட! துப்பாக்கிய எடு, மண்வெட்டிய எடு.

— நில்லு, ஓடாத… இங்கதான். மூக்கப் பொத்திக்கோ.

— உவ்வே! கடவுளே, என்னத்தத்தான் ஆக்கிப் போட்ட நீ எங்களுக்கு?

— வாந்தி வந்தா அந்தப் பக்கம் எடு. தலை மேல எடுத்துறாத. என்னது, நிஜமாவே இறங்குற? கையில ஏதாவது போட்டுக்கோ!

— ஒரு கைக்குத்தான் இருக்கு, உன் புண்ணியத்துல. அந்தப் பக்கம் சொரண்டு, மெதுவா. இந்தா, தாடை… நீளமா போகுது பாரு… பல்லு! எல்லாப் பல்லும் இருக்கு ஆர்வே! பின்னால… முதல் கழுத்தெலும்பு ஒட்டிக்கிட்டே வந்திருக்கு. நம்ம முண்டத்துல அந்த ஒண்ணுதான் இல்ல. இது அதோட தலையேதான்.

— அழறியா?

— நாத்தத்துல கண்ணு எரியுது.

— எரியட்டும், எரியட்டும்.

— வாய் பார்க்காம பிளாஸ்டரக் கரை. சுடுதண்ணி ஊத்து, இல்லேன்னா இந்தக் குளிர்ல இறுகாது. என் பையில அடியில ஒரு சுருள் காகிதம் இருக்கு, எடுத்துட்டு வா.

— ஒளிச்சா வச்சிருந்த? நான் கையுறையத் தேடி அலையறப்ப?

— தலைக்குன்னு வச்சிருந்தேன்.

— நல்லா இருப்ப! ஆனா ஹெர்டிஸ், எனக்கு வயிறு எரியுது. தோண்டுனது நீ. கழுத்தளவு இந்தக் கருமத்துல நிக்கிறதும் நீ. பேரு மட்டும் அந்த ஆளுக்கு. காறித் துப்பணும் போல இருக்கு. அவரு பேரை வைக்காத, என்ன பண்ணிருவாரு?

— வைக்கத்தான் போறேன். அவர் பேருதான். மனசார வைக்கிறேன்.

— குழி நாத்தம் மண்டைக்கு ஏறிருச்சா உனக்கு?

— புது இனத்துக்குப் பேரு வச்சா, தலை கிடைச்ச இடத்தையும் கூடவே அச்சுல போட்டாகணும். எங்க தொழில்ல அது கட்டாயம். அவர் பேரன் படிச்சாலும் சரி, பேரனோட பேரன் படிச்சாலும் சரி, பேருக்குக் கீழயே இடமும் இருக்கும்.

— என்ன போடுவ? மலைச்சரிவுன்னு எழுதுவியா?

— மொட்டையா அப்படிப் போட்டா புரொபசர் ஒத்துக்க மாட்டார். சரியா எந்த இடம்னு கேப்பார். முகாமோட கக்கூஸ் குழின்னு போடுவேன்.