உறையாத ரத்தமும் ஒரு அடைப்பும்

அக்கா: கையை நீட்டு.

தம்பி: வேணாம்க்கா. கரைச்ச ஊசி மருந்தை மூடி வச்சிடு.

அக்கா: கரைச்சா மூணு மணி நேரம்தான் தாங்கும். நீட்டுடா.

தம்பி: குலுக்கிட்ட நீ. நுரை வந்திருச்சு பாரு.

அக்கா: உருட்டித்தான் கரைச்சேன். இருபது வருஷமா உருட்டுறேன், எனக்கே பாடமா? அதெல்லாம் உன் டிரைவிங் ஸ்கூல்ல வச்சுக்க.

தம்பி: அக்கா... எனக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாது. இப்ப இதயக் குழாய்ல அடைப்புங்கிறாங்க. உறைய வைக்கிற ஃபேக்டரை நாமளே ஏத்தினா அடைப்பு இன்னும் கெட்டியாகும்ல?

அக்கா: ஓ... ஐயா எப்ப டாக்டரானீங்க?

தம்பி: கேலி பண்ணாத. ஊசியை விட்டுட்டா அடைப்பு தானா...

அக்கா: கரையுமா? கிழிச்சுது! அது உறைஞ்ச ரத்தம் இல்லடா, குழாய்ச் சுவத்துல படிஞ்ச கொழுப்பு. உறையுற ரத்தமா, உறையாத ரத்தமான்னு பாத்தா படியும்? நமக்கெல்லாம் மாரடைப்பு எட்டிக்கூடப் பாக்காதுன்னு திரிஞ்சியே. மாடிப்படில மூச்சு வாங்கினப்பகூட வாயைத் திறக்கல.

தம்பி: நீயும்தான நம்பின.

அக்கா: நம்பினேன். என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும். அதான் இப்ப விடப்போறதில்ல. அந்தக் கொழுப்பு வெடிச்சா அதுமேல ரத்தம் உறையும். உன்னோட அரைகுறை ரத்தமே அதுக்குப் போதும்னுட்டார் டாக்டர்.

தம்பி: அதுக்குத்தான் நாளைக்குக் குழாயை விரிச்சு வைக்க ஸ்டென்ட் வச்சு, உறையாம இருக்க ரெண்டு மாத்திரை. அப்புறம் உறையறதுக்கு இந்த ஊசி! பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிச்சா எந்த வண்டிக்கா ஓடும்?

அக்கா: மேட்டுல நிக்கிற வண்டியை எப்படி எடுக்கச் சொல்லிக் குடுப்ப?

தம்பி: அதுக்கும் இதுக்கும் என்னக்கா?

அக்கா: சொல்லேன்.

தம்பி: பிரேக்கை மெல்ல விட்டுக்கிட்டே ஆக்சிலேட்டரை... சரி, சரி.

அக்கா: ஊசி இல்லாம ஸ்டென்ட் வைக்க உள்ள குழாய் விட்டா, குத்தின இடத்துல ரத்தம் நிக்காது. மாத்திரை இல்லாம ஸ்டென்ட் வச்சா அதுவே அடைச்சுக்கும். ரெண்டும் வேணும். ஆமா... முட்டி ஏன் வீங்கியிருக்கு?

தம்பி: இடிச்சுக்கிட்டேன்.

அக்கா: பொய். மூணு வாரமா நானே குத்திக்கிறேன்னு என்னை வரவிடாம பண்ணினியே... குத்திக்கவே இல்ல நீ.

தம்பி: குத்திக்கிட்டேன்க்கா...

அக்கா: குத்திக்கிட்டவன் முட்டியா இது? உள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கியிருக்கு. நீட்டு. அசையாத... ஆங், நரம்பு கிடைச்சிருச்சு. மெதுவாத்தான் தள்ளுவேன், எங்கயும் ஓட முடியாது. உண்மையைச் சொல்லு.

தம்பி: ஆஸ்பத்திரில ஆளுக்கு இத்தனை மருந்துப் புட்டின்னுதான் தர்றாங்க. எனக்கு வயசு ஐம்பத்தி நாலு, நெஞ்சும் கெட்டாச்சு. உன் மகனுக்கும் இதே நோய்தான், அவனுக்கு இருபத்தி ரெண்டு. ஓடியாடுற வயசு. அதான்... என் புட்டியெல்லாம் உன் வீட்டு ஃப்ரிட்ஜ்ல அவனோடதுக்குப் பின்னால வச்சேன். அடைப்பு கெட்டியாகும், கரையும்னதெல்லாம் சும்மா சொன்னது. அவன்கிட்ட சொல்லிடாதக்கா.

அக்கா: அவன்தான்டா கண்டுபிடிச்சான். இப்ப உன் கையில ஏறுறதும் அவன் திருப்பிக் குடுத்தனுப்பின புட்டிதான். காலையில அவன் போட்டுக்க வேண்டிய ஊசியை இன்னும் போட்டுக்கல. மாமாவுக்கு ஏறியாச்சுன்னு நான் போன் பண்ணினாத்தான் போட்டுக்குவானாம்.