சிடியில் காணாமல் போன மணி

– இல்ல ஜெரி, இத எடுத்துகினு போயி உன் கடையிலயே வெச்சிக்க. இந்த சிடிய கோயில் திருநாளுக்குப் போட வுட மாட்டேன்.

– இன்னா மாமா, சாயங்காலம் கொடியேத்தம். உன் பழைய ரெக்கார்டுல கீற அதே பாட்டுப் பூசைதான். கரகரப்ப மட்டும் எட்த்துட்டு சிடியில ஏத்திகீறேன்.

– கரகரப்போட சேத்து மணியையும் எட்த்துட்டியே! சாமியாரு அப்பத்த தூக்கிக் காட்டறப்போ அடிக்கிற மணி. அத அடிச்சது யாரு? சின்ன புள்ளையா இருந்தப்போ நான்தான். மொத்த ரெக்கார்டுலயும் நான் கீறது அந்த ஒரு எடத்துலதான்டா.

– மணி கீது மாமா.

– எங்க கீது? சிடின்னாலே இதான். பாட்ட சோப்பு போட்டு அலசி, உசுர புடுங்கிட்டு தர்றது. ரெக்கார்டுன்னா ஆளு பக்கத்துல குந்திகினு பாடற மாதிரி இருக்கும்.

– உன் பிளேயரு கெட்டு எத்தினி வருசமாச்சு? நீ எப்போ கேட்ட?

– கேட்டா இன்னா, கேக்காட்டி இன்னா? எனக்குத் தெரியும்.

– த்தோ, பிளேயர ரிப்பேரு பண்ணி எட்த்தாந்துகீறேன். ரெக்கார்டையே போடறேன். அந்த எடம் வருது பாரு... இப்போ. கேட்டியா?

– இன்னாத்த கேக்கறது? இதுலயும் இல்ல! அடப்பாவி, மொண்ண ஊசிய வெச்சி என் ரெக்கார்டையே தேச்சிட்டியா?

– ஜானட்டக்கா! கொஞ்சம் வா. உன் ஊட்டுக்காரரோட பெரிய பேஜாரா கீது.

– இன்னாடா கத்தற? அடுப்புல கொழம்பு கீது.

– இத கேளு. மணி கேக்குதா?

– கேக்குதே. கொஞ்சம் கம்மலா கீது.

– இப்போ சிடி.

– இதுலயும்தான். பளிச்சுனு கீது.

– அக்காவும் தம்பியும் சேந்து என்னிய லூசாக்காதீங்க. ஹார்பர்ல கிரேன் ஓட்டறவன்டா நான். அந்த எஞ்சின் எரைச்சல்லயே கம்பி எங்க முறுக்குதுன்னு சொல்ற காது இது!

– இன்னாங்க, கத்தாம கேளுங்க. போன ஞாயித்துக்கெழம பூசையில மணி அடிச்சதும் எல்லாரும் முட்டி போட்டோம். நீங்க மட்டும் நின்னுகினே இருந்தீங்க. ஃபாதர் மேல இன்னாவோ கோவம்னு நெனச்சேன்.

– அன்னிக்கி மணியே அடிக்கலியே, ஜானட்.

– அடிச்சாங்க.

– மாமா? இன்னா, செருப்ப மாட்டிகினு எங்க கெளம்பிட்ட? வுடு, சிடியில சத்தத்த ஏத்தித் தர்றேன்.

– நேத்து நான் சரக்கு எறக்கறப்போ ஒருத்தன் காலு நசுங்கிப்போச்சு. கிரேன நிறுத்தச் சொல்லி கீழ நின்னு விசில் ஊத வேண்டிய தாவூது ஊதவே இல்லன்னு ஆபீஸ்ல கையெழுத்து போட்டுக் குட்த்துட்டு வந்துகீறேன்டா.