படியே இல்லாத வீடு

இரவு பதினொன்றரை. விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லாத, தார் பெயர்ந்த சாலை. ஒரு ஸ்கூட்டர். அதில் தனியாக ஒரு பெண், தோளில் மருந்துப் பை...

மாப்பிள்ளை, அந்தக் கதவைச் சாத்துங்கள். காலையும் மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இது என் பழைய ஆபீஸ் தோழரின் மைத்துனிக்கு நடந்தது. கண், காது, மூக்கு வைத்தது நான்தான், உடம்பு அவளுடையது.

அவள் நர்ஸ். டாக்டர் எட்டிப் பார்க்காத சுகாதார நிலையத்தில் பரிசோதிப்பது, தையல் போடுவது, மருந்து எழுதுவது எல்லாம் அவளே. எருமைக்கு ஊசி போட்டால் எருமை நன்றி சொல்லிவிட்டுப் போகும். அப்படிக் கை.

அங்கே ஒருத்தி அடிக்கடி வருவாள். ஒருநாள் உதடு கிழிந்து, ஒருநாள் காது வீங்கி. கேட்டால் குனிந்தபடி ஒரே பதில்: "படியில விழுந்துட்டேன் சிஸ்டர்." ஒருமுறை வலது சுண்டுவிரல் ஒடிந்திருந்தது. கட்டுப் போட்டும் நேராகவில்லை. கொக்கிபோல வெளியே வளைந்தே நின்றுவிட்டது. கழுத்தில் விரல் தடத்தோடு வந்த அன்று நர்ஸ் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: "ஏம்மா, உங்க வீட்டுப் படிக்குக் கை முளைச்சிருக்கா?"

அவள் சிரித்தாள்... பல் இரண்டு குறைந்திருந்தது.

அடுத்த வாரம் செத்துப்போனாள். படியில் விழுந்தாளாம். காலையில் போலீசுக்குப் போகப் போகிறேன் என்று நர்ஸ் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சின்ன ஊர். அன்று இரவே செத்தவளின் புருஷனிடமிருந்து போன். "நெஞ்சு வலி சிஸ்டர், உயிர் போகுது." ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும். யாருடையதானால் என்ன, நெஞ்சு நெஞ்சுதானே? கிளம்பினாள்.

உள்ளே நுழைந்ததும் அவள் கண் தேடியது படியைத்தான். வாசலில் இல்லை. கூடத்தில் இல்லை. கொல்லைவரை தரை ஒரே மட்டம். தண்ணீர் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தண்ணீரே யோசிக்கும். மாடியும் கிடையாது. ஃபினாயில் வாடை... அதற்கு அடியில் ரத்த வாடை.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. க்ளக்.

அவன் கையில் சுத்தியல். "போலீசுக்கா போறே? நடக்கறதுக்கு முட்டி வேணுமே?"

அவள் மருந்துப் பையைத் திறந்தாள். தொழில்தான் பேசியது: "நெஞ்சு வலின்னீங்களே... முதல்ல பிரஷர் பார்த்துடறேன்."

அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாரு, பாரு. கடைசியா ஒரு தடவை பார்த்துக்கோ." இடது கையை நீட்டினான். பட்டையைச் சுற்றினாள். புஸ்... புஸ்... ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காற்றை மெல்ல விட்டாள்.

நாடி கேட்கவில்லை. காலடி கேட்டது.

தட்... தட்... யாரோ படியிறங்கி வருகிறார்கள். வெறுங்கால். அவசரமே இல்லை. ஒவ்வொரு படிக்கும் சத்தம் நெருங்குகிறது... அவன் கைக்குள்ளிருந்து.

கடைசிப் படி. நின்றது.

அவன் கழுத்து வெடுக்கென்று பின்னால் போனது. கால் தரையை விட்டு எழும்பியது. பிறகு விழுந்தான் பாருங்கள்! சமதரையில், உச்சிப் படியிலிருந்து உருளுகிறவன் மாதிரி. தடக்... முழங்கை பின்பக்கம் மடங்கியது. தடக்... தாடை. தடக்... விலா எலும்பு, காய்ந்த சுள்ளி போல. சுவரில் மோதியதும் மறுபடி மேலே போனான். மறுபடி முதல் படியிலிருந்து. சுத்தியலும் கூடவே உருண்டு இரண்டு முட்டியையும் மாவாக்கியது. ஏழு தடவை என்றார் தோழர். நான் பதினேழு என்கிறேன். யார் கேட்கப் போகிறார்கள்?

"நர்ஸம்மா ஓடிட்டாங்களா?" என்கிறார் மாப்பிள்ளை. நீங்களாயிருந்தால் ஸ்கூட்டரை விட்டுவிட்டே ஓடியிருப்பீர்கள். அவள் எல்லாம் ஓயும்வரை மூலையில் ஒடுங்கியிருந்தாள். பிறகு தவழ்ந்து போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கட்டுப் போட்டாள். விடிந்ததும், சொன்னபடி போலீசுக்குப் போனாள்.

இப்போது அவன் ஜெயிலில், தனி அறையில். வாராவாரம் கைதிகளைப் பரிசோதிக்கப் போவதும் அவள்தான். ஒவ்வொரு வாரமும் அவனுக்குப் புதிதாக ஏதாவது ஒடிந்திருக்கும். கேட்டால் குனிந்தபடி ஒரே பதில்: "படியில விழுந்துட்டேன் சிஸ்டர்."

போன வாரம் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்திருக்கிறாள். கழுத்தில் விரல் தடம். நான்கு விரல் நேராக...

சுண்டுவிரல் மட்டும் கொக்கிபோல வெளியே வளைந்து.