ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்கள்

காலையில் டீ போடுவது என் வேலை. கல்யாணமான வாரத்திலிருந்தே அப்படித்தான். நான் முதலில் எழுவேன். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பல் தேய்க்கப் போவேன். திரும்பும்போது பால் விளிம்புக்கு வந்திருக்கும். தூளைப் போட்டுத் தீயைக் குறைத்துவிட்டு இரண்டு கோப்பைகளை எடுத்து வைப்பேன். வெள்ளை எனக்கு. பிடியில் விரிசல் விட்ட நீலம் அவளுக்கு. எனக்கு ஒரு கரண்டி சர்க்கரை, அவளுக்கு மூன்று. முன்பெல்லாம் அவளுக்கும் ஒன்றுதான்.

ஜன்னல் திரையை விலக்கி, கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, முதல் வாய் குடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் அக்காவே சொல்லியிருக்கிறார். நீங்கள் விசாரித்தபோது அவர் அதைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் ஒரு முடி வளர்ச்சி நிலையத்தில் புகைப்படக்காரன். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். ஒளியைப் பற்றிப் படித்தது மட்டும் சோறு போட்டது. அந்த நிலையத்தின் வாசலில் 'முன்', 'பின்' என்று மாட்டியிருக்கும் எல்லாப் படங்களும் நான் எடுத்தவை. 'முன்' படத்துக்கு முடியை நனைத்து நடு வகிடு எடுப்பேன். விளக்கை உச்சந்தலைக்கு நேர் மேலே வைத்து, தலையைக் குனியச் சொல்வேன். மண்டைத் தோல் பளபளவென்று தெரியும். 'பின்' படத்துக்கு முடியை உலர்த்தி, பக்கவாட்டில் சீவி, விளக்கையும் பக்கத்துக்கு நகர்த்தி, முகவாயை நிமிர்த்தச் சொல்வேன். போதாவிட்டால் கொஞ்சம் கறுப்புத் தூள் தூவுவோம். உட்கார்ந்திருப்பவரே தன் படத்தைப் பார்த்து நம்பிவிடுவார்.

இந்தச் சிகிச்சையெல்லாம் உண்மையிலேயே பலிக்கிறதா என்று கேட்டீர்கள். சிலருக்குப் பலிக்கிறது. சிலருக்குக் கொட்டுவது நிற்கிறது, மருந்தை விட்டதும் மறுபடி கொட்டுகிறது. நிறையப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. தைலம், ஊசி, சிவப்பு விளக்கு வைத்த தொப்பி, மாத்திரை என்று எல்லாம் உண்டு. எங்கள் முதலாளியை நாங்கள் டாக்டர் என்று கூப்பிடுவோம். எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. வருகிறவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசும் ஆலோசகர் விக் வைத்தவர். அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், குடை விற்கிறவன் நனையக் கூடாது என்று சட்டமா என்பார். அவர்தான் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்:

"காய்ச்சல் வந்து முடி கொட்டினவங்கள மட்டும் விட்டுடாதீங்கப்பா. நாம ஒண்ணும் பண்ணாட்டியும் அது தானா முளைச்சிடும். பேரு நமக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

என் மனைவிக்கு முடி கொட்டியது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு.

அவள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சின்ன வகுப்புகளுக்கு. குளித்துவிட்டு வந்தால் குளியலறைத் தண்ணீர் போகாமல் நிற்கும். அடைப்பில் கிடக்கும் முடியைக் காகிதத்தில் சுற்றி, எனக்குத் தெரியாமல் குப்பையில் போடுவாள். எனக்குத் தெரியும். இரண்டு மூன்று முறை அழுதாள். நான்தான் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். முதலாளிக்கு மகிழ்ச்சி. நம் வீட்டுப் பெண்ணே வாசல் பலகையில் வந்தால் பேச்சே வேண்டாம் என்றார்.

அவள் விஷயத்தில் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இந்தப் படத்தில் பொய் இருக்காது. 'முன்' எடுத்த அதே சுவர், அதே விளக்கு, அதே ஈர முடி, அதே நடு வகிடு. ஸ்டூலின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினேன். விளக்குத் தாங்கிக்கும், கேமரா முக்காலிக்கும் ஒட்டினேன். கூட்டுகிறவரிடம் அந்த டேப்பின் மேல் துடைப்பம் படக் கூடாது என்று சொல்லிவைத்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுக்கப்போகும் முதல் உண்மையான 'பின்' படம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தவறென்று இப்போதும் தோன்றவில்லை.

நிலையத்தில் கொடுத்த மாத்திரையை அவள் சில வாரங்கள் சாப்பிட்டாள். அது ஆதியில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. முடி வளர்வது அதன் பக்க விளைவு. மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில் கொடுத்தால் பலருக்குத் தொந்தரவு இருக்காது. அவளுக்கு இருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கும். காதோரத்திலும் முன்கையிலும் பூனை முடி வந்தது. தலையில் மட்டும் கேட்டால் ஊரெல்லாம் முளைக்கிறதே என்றாள். பிறகு நிறுத்திவிட்டாள். தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

அந்த வாரம் ஒரு குழந்தை அவளை வரைந்து கொடுத்தது. வட்ட முகம், பெரிய சிரிப்பு, தலையில் மூன்றே மூன்று கோடு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

"மூணாவது கோடு அந்தப் புள்ளயா மனசு வந்து போட்டதுங்க," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "முடி போனா போகுது. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு எப்படி?"

எனக்கும் ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

அவள் இல்லாத நேரத்தில் குழந்தை வரைந்த அந்தத் தாளைக் கதவிலிருந்து அகற்றிவிட்டேன். கேட்டபோது ஈரத்தில் கிழிந்துவிட்டது என்றேன்.

அடுத்த வாரம் அவள் டீயில் சர்க்கரையைக் கூட்டினேன். மாத்திரையைக் கரண்டியின் பின்புறத்தால் சமையல் மேடையில் நசுக்கினால் மாவாகிவிடும். ஆனால் கசக்கும். நிலையத்து மாத்திரை அலமாரியின் சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. ஒன்றில் ஆரம்பித்தேன். பலன் தெரியத் தாமதமானதால் ஒன்றில் நிற்கவில்லை.

எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது என்ன என்று அவளைவிட எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முடி வந்தது. வகிட்டின் இரண்டு பக்கமும் நாற்று மாதிரி சின்னச் சின்னதாக நிமிர்ந்து நின்றது. மருந்தை விட்டதும்தான் முளைக்கிறது பாருங்கள் என்று அவளுக்கே ஆச்சரியம். முகமும் பூசினாற்போல் ஆனது. கேமரா வழியாக முகங்களைப் பார்த்தே பழகியவன் நான். கன்னம் நிறைந்தால் படத்தில் ஆரோக்கியமாகத் தெரியும். உடம்பு தேறிவருகிறது என்று அவள் அக்காவுக்குப் படம் அனுப்பினேன். அக்கா மட்டும் கண்ணுக்குக் கீழே ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டார். தூக்கம் அதிகம் என்றேன்.

மோதிரம் கழற்ற வரவில்லை. சோப்பு போட்டு நான்தான் மெதுவாகக் கழற்றிக் கொடுத்தேன். வகுப்பில் உட்கார்ந்தே பாடம் நடத்த ஆரம்பித்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினாள். மூன்றாவது தலையணை நான் வாங்கிவந்தது.

அக்காவின் வற்புறுத்தலால் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் நல்ல மனிதர், நிதானமாகப் பார்த்தார். காலில் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். எல்லாத்தையும் எப்பவோ நிறுத்திட்டேன்," என்றாள்.

நான் பக்கத்து நாற்காலியில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி அவளைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். 'பின்' படத்துக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. படம் எடுத்ததும் நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். அவர் எழுதிக்கொடுத்த பரிசோதனைகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள்.

அவள் சந்தேகப்பட்டாளா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. டீ கசப்பதாக அக்காவிடம் தொலைபேசியில் சொன்னாள் என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சில நாள் பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிடுவாள். உடம்பு முடியாதவர்கள் அப்படித்தான். ஒரு காலையில் என் கோப்பையைக் காட்டி, மாற்றிக்கொள்வோமா என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான். உன் டீயில் சர்க்கரை அதிகம், எனக்கு ஆகாது என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குடித்தாள்.

'பின்' படத்தை ஒரு பள்ளி விடுமுறையில் எடுத்தேன். நிலையத்தின் படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினாள். ஸ்டூலை டேப்புக்குள் பொருத்தி, முடியை நனைத்து, நானே வகிடெடுத்தேன். சீப்பு போன வழியில் மண்டை தெரியவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, தூள் தூவினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படிச் சொன்னது அந்த அறையில் அதுதான் முதல் முறை. மறுநாளே அவள் பலகை வாசலில் ஏறியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் கொட்டிவிடும் என்று எனக்குத் தெரியும். தொழில் அது.

இரண்டு நாள் கழித்து, காலையில், கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே அவள் விழுந்தாள். நான் குனிந்து பார்த்தேன். முடி தரையில் விரிந்து கிடந்தது. நல்ல அடர்த்தி. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் முன் நீலக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். காயவிட்டால் கறை பிடித்துவிடும்.

இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். அவரேதான் இன்னொன்றும் சொன்னார். காய்ச்சலில் போன முடி எந்த மருந்தும் இல்லாமலே திரும்ப வந்திருக்குமாம். அதை நான் ஏற்கவில்லை. அதே சுவர், அதே வெளிச்சம், அதே தூரம். நடுவில் மாறியது மாத்திரை மட்டும்தான். நான் இயற்பியல் படித்தவன். ஆலோசகர் அன்று சொன்னது சாப்பாட்டு நேரப் பேச்சு. அதையெல்லாம் ஆதாரமாக எடுக்க முடியாது.

டீயில் மாத்திரை கலந்தது நான்தான். அவளுக்குத் தெரியாமல், அவள் வேண்டாம் என்ற பிறகு, அவள் சாகும்வரை. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அவள் பலகையை மட்டும் இறக்கச் சொல்லாதீர்கள். அந்த வாசலில் பொய் இல்லாத பலகை அது ஒன்றுதான்.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கண்ணாடியைப் பார்த்து, என் முடி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சிரித்தாள் என்றேன். அக்காவுக்கு அது ஆறுதலாக இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். அப்படி அவள் சொல்லவில்லை. இது வாக்குமூலம் என்பதால் உள்ளதை எழுதுகிறேன்.

அன்று காலையும் நான் கோப்பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற குரல்தான்.

"டீ வேணாங்க. வெறும் தண்ணி போதும். நீங்க இருங்க, நானே புடிச்சுக்கறேன்."