சோல்வே அடைத்த பீன்ஸ்

— தொறக்காதீங்க ஆர்விட் அண்ணே. ஜாடிய அப்படியே மேசையில வச்சிட்டுக் கைய எடுங்க.

— ஏம்மா மார்லிஸ், தொறந்தாத்தானே மோந்து பாத்துச் சொல்லுவ? நாப்பது மைலு பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். பீன்ஸு நல்லாத்தான் இருக்கு, சாப்பிடலாம்னு ஒரு வார்த்த சொல்லு. நான் பாட்டுக்குக் கெளம்பிடறேன்.

— மோந்து பாத்துச் சொல்ற விஷயம் இல்லண்ணே இது. கெடாம இருக்க ஜாடிய எப்படிச் சூடு பண்ணி அடைச்சாங்கன்னு தெரியணும். சோல்வே அக்கா போட்டதா?

— வேற யாரு போடுவா? ஆகஸ்டுல போட்டா, அக்டோபர்ல போய்ச் சேந்துட்டா. கீழ நிலவறையில ஒரு அலமாரி பூரா நிக்குது. நன்றி நாள் பண்டிகை விருந்துக்கு எம் மக லின்னியா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஃபார்கோவுல இருந்து வர்றா. அம்மா அடைச்ச பீன்ஸு இருக்கு, அதையே வச்சிடலாம்னேன். வேளாண் விரிவாக்க ஆபீஸ்ல உங்கிட்ட காட்டிக் கேட்டுட்டு அப்புறம் தொறங்கப்பான்னுட்டா. அதான் வந்தேன்.

— நல்லதாப் போச்சு. பிரஷர் குக்கர்ல வச்சு அடைச்சாங்களா, இல்ல சும்மா கொதிதண்ணியில வச்சா?

— எப்பவும் குக்கர்தான். இந்த வருஷம் மட்டும் கொதிதண்ணி. குக்கர் மூடி மேல அழுத்தம் காட்டுற முள்ளு ஒண்ணு இருக்குல்ல, அது சரியாக் காட்டுதான்னு வருஷா வருஷம் நீங்கதானே பாத்துக் குடுப்பீங்க? மூடியத் துணியில சுத்தி மடியில வச்சிக்கிட்டு வந்தா. கதவு பூட்டிக் கெடந்துது. அடுத்த வாரம் மறுபடி வந்தா. அப்பவும் பூட்டு.

— இப்பல்லாம் செவ்வாயும் வியாழனும்தான் தொறக்குறோம். நான் ஒருத்திதான் ஆளு, மத்த நாள்ல பக்கத்து கவுண்டி ஆபீஸுக்குப் போயிடறேன். கதவுல எழுதி ஒட்டியிருந்தேனே.

— அவ கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்தெல்லாம் எங்க தெரியுது? முள்ளு சரியில்லாத குக்கர் வெடிச்சிருமோன்னு அவளுக்கு பயம். தோட்டத்துல பாத்தா பீன்ஸு முத்திக்கிட்டே போகுது. பெரிய குண்டான்ல தண்ணிய வச்சு, அரை நாள் ஜாடிங்களக் கொதிக்க விட்டு எடுத்தா. நாந்தான் வெறகு போட்டேன்.

— ஜூலையில ஜாடி அடைக்கிற வகுப்பு ஒண்ணு வச்சிருந்தேன். அதுக்கு வந்திருந்தா முள்ளையும் அங்கேயே பாத்துக் குடுத்திருப்பேன்.

— பேர் குடுத்திருந்தாளேம்மா. ஃபோன் பண்ணி, வகுப்பு இல்லன்னுட்டாங்க.

— அது அக்காவா?

— ஏன், என்ன?

— ஒரே ஒருத்தர்தான் பேர் குடுத்திருக்காங்க, ஒருத்தருக்காக நடத்த வேணாம்னு மேலிடத்துல ரத்து பண்ணிட்டாங்க. அவங்களே ஃபோனும் பண்ணிட்டாங்க. யாருன்னு நான் கேக்கல. ஜனவரியில இந்த ஆபீஸையே மூடறாங்க.

— சரி விடு, உன்னையச் சொல்லி என்ன பண்ண? இப்ப இதச் சாப்பிடலாமா, கூடாதா?

— கூடாதுண்ணே. அலமாரியில இருக்குற ஒண்ணு விடாம அப்புறப்படுத்தணும். நீங்க தொட வேணாம், நானே வந்து எடுத்துட்டுப் போறேன்.

— ஒண்ணு விடாமயா? அவ கை பட்டதுன்னு அந்த வீட்ல இருக்குற சாப்பாடு இவ்வளவுதாம்மா. பாரு, நெறம் மாறல. மூடி உப்பல. ஏதோ ஒரு ஜாடி கெட்டுப் போச்சுன்னா எல்லாமா கெட்டிருக்கும்?

— எதுன்னு வெளிய தெரியாதுண்ணே, அதான் பயமே. கொதிதண்ணியிலயும் சாகாத கிருமி ஒண்ணு இருக்கு, குக்கர் சூட்டுக்குத்தான் அது சாகும். காத்துப் போகாத ஜாடிக்குள்ள கெடந்து விஷத்தக் கக்கும். ஒரு கரண்டி வாய்க்குள்ள போனாலே போதும். பேரப்புள்ளைங்க சாப்பிடப் போறாங்கங்கிறீங்க.

— சாப்பிட்டா என்ன பண்ணும்? வாந்தி பேதியா?

— சிலருக்கு அது கூட வராது. பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். ரெண்டு இமையும் தானா எறங்கிடும். நாக்கு தடிச்சுப் பேச்சு கொழறும். தண்ணி முழுங்க முடியாது. கடைசியில மூச்ச அடைச்சிடும். பாக்குறவங்க பக்கவாதம்னு நெனச்சிடுவாங்க, சமயத்துல டாக்டருங்களே ஏமாந்துடறாங்க. அண்ணே, ஏன் எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க.

— பக்கவாதம்னுதாம்மா எழுதிக் குடுத்தாங்க.

— அக்காவுக்கா?

— காலையில எந்திரிச்சவ, கண்ணத் தொறக்க முடியலன்னா. ஒரு கையால இமையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, இன்னொரு கையால எனக்குக் காப்பி ஊத்துனா. தூக்கம் இன்னும் தெளியலையாடின்னு நான் சிரிச்சேன். பொழுது சாயறதுக்குள்ள எம் பேரு அவ வாயில வரல. ஆஸ்பத்திரியில, வயசாச்சு, பக்கவாதம்னாங்க. மூச்சு மெஷின் இருக்குற ஊருக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கும்போதே முடிஞ்சிருச்சு.

— முந்தின நாளு பீன்ஸ் சாப்பிட்டாங்களா?

— மத்தியானம் ஒரு ஜாடி தொறந்தா. வெங்காயமும் வினிகரும் போட்டு, சூடு காட்டாம அப்படியே வச்சா.

— அண்ணே, நான் இப்பவே சுகாதாரத் துறைக்குச் சொல்லியாகணும். மிச்ச ஜாடிங்கள அவங்க சோதிச்சுப் பாப்பாங்க.

— சோதிச்சு என்ன சொல்லப் போறாங்க? அவ கை வேலையே அவளக் கொன்னுடுச்சின்னா? எம் பொண்ணு கிட்ட நான் எந்த வாயால அதச் சொல்றது? பக்கவாதமாவே இருந்துட்டுப் போகட்டும்மா.

— லின்னியா ஏதாவது எடுத்துட்டுப் போயிருக்காளா?

— இல்ல. ஒரு ஜாடி கூட வெளிய போகல.

— அது வரைக்கும் நல்லது. அப்ப நீங்க? அந்த மத்தியானம் நீங்களும் அதே மேசையிலதானே ஒக்காந்தீங்க, எப்படித் தப்பிச்சீங்க?

— அவ ரெண்டு வாய் தின்னுட்டா. நான் முள்கரண்டிய வாய்க்கிட்ட கொண்டு போறேன், ருசி ஒரு தினுசா இருக்கு, நீ தின்னாதேன்னு எந் தட்டப் பிடுங்கிக் குப்பையில கொட்டுனா, பசியோட வந்தவன் வாய்ல சோறு போட விடமாட்டியாடின்னு அவளக் கண்டபடி ஏசிட்டு நான் வயலுக்குப் போயிட்டேம்மா.